யாருடைய அங்கியை வைத்து ஆடுகிறோம்?

கல்வாரியில் நடந்தவற்றை நாம் ஆண்டுதோறும் தியானிக்கிறோம். ஆணிகளைத் தியானிக்கிறோம், அன்னையின் கண்ணீரைத் தியானிக்கிறோம், விலாவைத் திறந்த ஈட்டியைத் தியானிக்கிறோம். ஆனால் சிலுவையின் அடியில் ஓர் ஆட்டமும் நடந்ததே, அதை மட்டும் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். படைவீரர் நால்வர் ஆண்டவரின் உடைகளை நான்கு பங்காக்கிக்கொள்கிறார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவாய் இருந்த அங்கியைக் கிழிக்க மனமின்றி, அது யாருக்கு என்று சீட்டுப் போடுகிறார்கள். தலைக்குமேல் ஒருவர் உயிர் விட்டுக்கொண்டிருக்கிறார். கீழே இருப்பவர்களின் கண் சீட்டின்மேல் இருக்கிறது.

திருச்சிலுவையின் திருப்பண்டம் வைக்கப்பட்டுள்ள காந்தல் குருசடியின் அருகில் வாழும் எனக்கு இந்தக் காட்சி ஓர் உண்மையை ஓயாமல் உணர்த்துகிறது. அன்று ஆடியவர்களுள் ஒருவன் வென்றான். மற்ற மூவரும் தோற்றார்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை. பந்தயப் பொருள் அவர்களுடையதே அன்று! தோற்றவர் ஆட்டத்தில் கலந்துகொள்ளாதவர். அந்த அங்கியை அன்னை மரியே நெய்தார் என்பது பழைய பக்தி மரபு. அப்படியானால் தோற்றவர்கள் இருவர்: சிலுவையில் தொங்கிய மகன் ஒருவர், நெய்து கொடுத்த தாய் ஒருவர்.

இதை எழுதத் தூண்டியது என் பங்கில் நிகழ்ந்த ஒன்று. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதுகிறேன் என்று யாரும் ஐயுற வேண்டாம். பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து ஓர் இளைஞன் சொன்னது இது. எழுதவும் அவனே இசைவு தந்தான். கோயம்புத்தூரில் வேலை பார்த்தவன். கைபேசி வழியாகப் பங்குச் சந்தையின் ‘ஆப்ஷன்’ வணிகத்தில் இறங்கினான். முதல் மாதமே 18,000 ரூபாய் ஆதாயம். அடுத்த ஞாயிறு ஊருக்கு வந்து நன்றித் திருப்பலிக்குக் காணிக்கை கொடுத்தான். என்ன நன்மைக்காக என்று நான் கேட்கவில்லை. பலிபீடத்தில் அவன் பெயரைச் சொல்லி இறைவனுக்கு நன்றி செலுத்தினேன்.

எட்டு மாதங்கள் கழிந்தபின் அவனுடைய தாய் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கழுத்தில் சங்கிலி இல்லை. அது அடகுக் கடையில் இருந்தது. மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த வைப்புத்தொகையும் கரைந்துவிட்டது. “நீங்கதானே சாமி அவனுக்குப் பூசை வச்சீங்க?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அன்று அது. ஒன்றும் புரியாமல் கேட்ட கேள்வி. அதனால்தான் அது என்னை விடாமல் துரத்துகிறது.

திறமை என்னும் திரை

இளைஞர்களிடம் இது பற்றிப் பேசினால் இரண்டு மறுமொழிகள் ஆயத்தமாய் இருக்கின்றன. ஒன்று, “ரிஸ்க் எடுக்காமல் முன்னேற முடியுமா ஃபாதர்?” மற்றொன்று, “இது சூதாட்டம் இல்லை ஃபாதர், திறமை.”

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் சூதாட்டம் பற்றிய சட்ட வாதமெல்லாம் திறமையா அதிர்ஷ்டமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது. ரம்மியில் திறமையே மிகுதி என்று 1960களிலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. குதிரைப் பந்தயத்தின்மேல் பணம் கட்டுவதை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. அவ்வழக்கு 1996இல் முடிவுக்கு வந்தபோது, குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டே என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழகம் 2022இல் இயற்றிய சட்டத்தையும், ரம்மி, போக்கர் ஆகியவற்றைப் பொறுத்தவரை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்து சட்டம் இயற்றியது.

சட்டச் சொற்களுக்குப் பொருள் காண்பது நீதிமன்றங்களின் பணி. அதில் நான் தலையிடவில்லை. என் வழக்கு நம் வீடுகளோடுதான். நீதிபதிகள் சட்டத்துக்காகக் கேட்ட கேள்வியை நாம் நம் மனசாட்சிக்கும் போதுமானதென்று எடுத்துக்கொண்டோம். “திறமை” என்ற சொல் கிடைத்ததும் உள்ளத்தின் குரல் அடங்கிவிட்டது. அந்தப் படைவீரர்கள் சீட்டுப் போடாமல் மற்போர் செய்தே அங்கியை வென்றிருந்தால், செயல் நேர்மையாகிவிடுமா? யார் எவ்வளவு திறமையாக ஆடினார் என்பது பிறகு பார்க்க வேண்டியது. வைத்து ஆடும் பொருள் யாருடையது, தோற்றால் துன்புறப்போவது யார் என்பதே முதற்கேள்வி.

உதகையில் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள பந்தய மைதானத்தை 2024 ஜூனில் அரசு மீட்டுக்கொண்டது. நம் ஊரைப் பிடித்த பீடை ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஏமாந்தேன்! பந்தய மைதானம் அதற்கு முன்பே நம் சட்டைப்பைக்குள் குடிபுகுந்திருந்தது. குதிரைப் பந்தயத்துக்காவது கோடைக்காலம் என்று ஒரு பருவம் உண்டு. கைபேசிக்குப் பருவம் ஏது?

கணக்கு என்ன சொல்கிறது?

நல்ல நிறுவனத்தின் பங்குகளை வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவரை நான் பழிக்கவில்லை. அவர் ஒரு தொழிலில் பங்குதாரர். விலை ஏறுமா இறங்குமா என்று நாள் குறித்துப் பணம் கட்டும் ‘ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்’ வணிகத்தைப் பற்றியே பேசுகிறேன். சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021–22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகம் செய்த தனிநபர்களில் 100க்கு 93 பேர் நட்டமடைந்ததாகக் கூறியது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். வணிகக் கட்டணங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி போயிற்று. நட்டமடைந்தவர்களில் முக்கால் பங்கினர் அதற்குப் பின்னும் நிறுத்தவில்லை. 2024–25ஆம் ஆண்டுக்கான ஆய்விலும் 100க்கு 91 பேர் நட்டமே கண்டனர். இதற்குப் பெயர் திறமை என்றால், திறமை யாரிடம் இருக்கிறது? கணினி நிரல்களைக் கொண்டு ஆதாயம் ஈட்டும் பெருநிறுவனங்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு எதிரே நம் பையன் கைபேசியோடு அமர்ந்திருக்கிறான்.

வாய்ப்பை எண்ணால் அளக்கும் கலை ஒரு சூதாட்டக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது. பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் ஆராய்ந்தார்கள். நல்ல கலை அது. ஆனால் அதை அரைகுறையாகக் கற்பவருக்குக் கேடு. எடுத்துக்காட்டாக, வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்பது உள்ள ஆட்டம் ஒன்று. பத்தாவது வாய்ப்பு மட்டும் கைமுதல் முழுவதையும் கொண்டுபோய்விடும். “பத்துக்கு ஒன்பதாயிற்றே!” என்று துள்ளுவோம். அதையே பத்து முறை ஆடினால் கைமுதல் தப்பும் வாய்ப்பு 100க்கு 35தான். ஒரு லட்சத்தில் பாதியை இழந்தவன் பழைய நிலைக்கு வர, எஞ்சியதை இருமடங்காக்கியாக வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது கடினம் என்பது மலைவாழ் மக்களாகிய நமக்குத் தெரியாதா? வரப்போகும் ஆதாயத்தை எண்ணி இருக்கும் முதலையும் அழிக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்று வள்ளுவர் அன்றே எச்சரித்திருக்கிறார்.

புதைத்த தாலந்தும் குற்றமே

அப்படியானால் துணிவே கூடாதா? இளைஞரின் முதல் மறுமொழிக்கு வருகிறேன். தாலந்து உவமையில் ஆண்டவர் கண்டித்தது யாரை? இழந்தவனை அன்று, அஞ்சி மண்ணில் புதைத்தவனை! கோபுரம் கட்ட எண்ணியவனைக் கட்டாதே என்றும் அவர் சொல்லவில்லை. முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடு என்றார். துணிவும் கணக்கும் நற்செய்தியில் பகையல்ல.

நம் மலையின் சிறு தேயிலை விவசாயியைப் பாருங்கள். கன்று நட்டால் முறையாகக் கொழுந்து கிள்ள மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி கருக்கலாம். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன! இருந்தும் விவேகமுள்ளவர் ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கேரட், உருளைக்கிழங்கு, கொட்டகையில் ஒரு மாடு என்று பகிர்ந்து வைக்கிறார். என்ன இடர் வருமென்று அறியாததால் உடைமையை ஏழெட்டுப் பங்காக்கி வை என்று சபை உரையாளர் கூறும் அறிவுரையை அவர் படிக்காமலே கடைப்பிடிக்கிறார். அவர் நட்டப்பட்டாலும் விளைந்த கேரட்டை யாரோ ஒருவர் உண்டிருப்பார். பந்தயத்தில் ஒருவன் இழப்பே மற்றவன் ஆதாயம். உலகத்துக்கு ஒரு பிடி உணவும் மிகுவதில்லை.

விளையாட்டிலும் இப்பாடம் உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான 14ஆம் ஆட்டம். இருவரும் சமநிலை. நடப்பு வெற்றியாளர் டிங் லிரென், ஆட்டத்தைச் சமனில் முடிக்கும் நோக்கில் ஒரு சிப்பாய் குறைவான நிலைக்கும் இசைந்து காய்களை மாற்றிக்கொண்டார். நம் சென்னையின் 18 வயது குகேஷ் சமனுக்கு இணங்கி எழுந்துவிடவில்லை. தொடர்ந்து ஆடுவதில் அவர் இழக்கக்கூடியது மிகக் குறைவு. பெறக்கூடியதோ உலகப் பட்டம். பொறுமையோடு நெருக்கினார். 55ஆம் நகர்த்தலில் டிங் தவறினார், 7.5–6.5 என்று பட்டம் குகேஷுக்கு. பாதுகாப்பு என்று நாம் எண்ணுவது எப்போதும் பாதுகாப்பாகாது என்பதும், தோற்றாலும் தாங்கக்கூடிய இடத்தில் துணிவதே துணிவு என்பதும் அந்த ஒரே பலகையில் விளங்கின. ஆடியவர் வைத்ததும் அவருடைய உழைப்பு.

புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இவ்வேறுபாட்டைக் கண்டார். வணிகனோடு கூட்டாளியாகப் பணம் இடுகிறவனுக்கு ஆதாயத்தில் பங்குண்டு. ஏனெனில் நட்டமும் அவனைச் சேரும். இழப்பைப் பிறர்மேல் தள்ளிவிட்டு ஆதாயத்தை மட்டும் கேட்பது நீதியாகாது. இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். நீ வென்றாலும் தோற்றாலும் கட்டணம் பெறும் செயலி எந்த இடரைச் சுமக்கிறது? உறுதியான வருமானம் என்று ஆசைகாட்டி 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிகளை வளர்க்கச் செய்தவர்கள் கைவிட்டபோது, தீவனமின்றி நின்ற கோழிகளோடு இடர் முழுவதும் யார் வாசலில் நின்றது? தாயின் சங்கிலியை அடகு வைத்த மகன் சுமந்தது எவ்வளவு, தாய் சுமந்தது எவ்வளவு?

தேவாலய முகட்டில்

குருக்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. “கடவுளை நம்பி இறங்குகிறேன், ஆசி கூறுங்கள்” என்று வருகிறார்கள். நாங்களும் கை உயர்த்துகிறோம். தேவாலய முகட்டில் நின்று, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னது யாருடைய குரல்? கணக்கின்றிக் குதிப்பதை விசுவாசம் என்று அழைத்தவன் அலகையே. ஆண்டவர் அதைக் கடவுளைச் சோதிப்பது என்றார். வென்றவன் தரும் காணிக்கையை வாங்கும் நாங்கள், தோற்றவன் வீட்டுக்குப் போகிறோமா? பங்குத் திருவிழாவில் மறைக்கல்விச் சிறாரிடமே குலுக்கல் சீட்டு விற்கக் கொடுக்கிறோமே, அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறோம்? பந்தயம் தன்னிலே பாவம் என்று திருச்சபை கூறவில்லை. 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு, அது ஒருவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் வாழத் தேவையானதைப் பறிக்கும்போது ஒழுக்கக்கேடாகிறது என்கிறது. அந்த வேட்கை அடிமைத்தனமாகும் என்றும் எச்சரிக்கிறது. எல்லை தெளிவாகவே உள்ளது. அதைப் பீடத்திலிருந்து உரக்கச் சொல்லத்தான் எங்களுக்கு நா எழுவதில்லை.

எனவே, பெற்றோரே, இளைஞரே, எதிலும் பணத்தை இடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது என்னுடையதா? முழுவதும் போனால் என் வீட்டில் அடுப்பு எரியுமா? இதை என் தாயிடமோ மனைவியிடமோ முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் துணிந்து செய்யுங்கள். தோற்றாலும் அது பாடம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், நீங்கள் சிலுவையின் அடியில் அமர்ந்து பிறர் அங்கிக்குச் சீட்டுப் போடுகிறீர்கள்.

அந்தத் தாயின் சங்கிலி இன்னும் மீளவில்லை. மகன் அந்த வணிகத்தை விட்டுவிட்டான். மாதந்தோறும் அடகுக் கடைக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்துவருகிறான். சென்ற மாதம் திருப்பலிக் காணிக்கையை நீட்டினான். அதையும் கடைக்கே கொண்டுபோகச் சொன்னேன். பூசையை அவனுக்காக நானே ஒப்புக்கொடுத்தேன். இப்போதெல்லாம் நன்றித் திருப்பலி கேட்டு யார் வந்தாலும், பெயரை எழுதுமுன் என்ன நன்மைக்காக என்று கேட்டுவிடுகிறேன்.