திரையை விலக்கியதும் தகுதி எங்கே போனது?

இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களின் கையில் எப்போதும் சில உதாரணங்கள் தயாராக இருக்கும். விமானம் ஓட்டுவது, அறுவை சிகிச்சை, கிரிக்கெட் அணி. கொஞ்சம் நாசூக்கானவர் என்றால் மேற்கத்திய செவ்வியல் இசையைச் சொல்வார். "சிம்பொனி இசைக்குழுவில் கோட்டா உண்டா? அங்கே வில்லைப் பிடித்தவனின் விரல்தான் பேசும்." இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த இசையின் வரலாற்றைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். இவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

1776ஆம் ஆண்டு பாரிஸ். நகரின் ஓபரா நிறுவனத்துக்கு இயக்குநர் தேவை. செவாலியே தெ சேன் ஜார்ஜின் பெயர் முன்மொழியப்படுகிறது. அப்போது பாரிஸின் மிகச் சிறந்த வயலின் கலைஞர்களில் ஒருவர் அவர். இசையமைப்பாளர், பெரிய இசைக்குழு ஒன்றின் தலைவர், பெயர் பெற்ற வாள்வீரர். தந்தை குவாதலூப் தீவில் தோட்ட முதலாளியாக இருந்த வெள்ளையர். தாய் நானோன், அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண். பெயர் வெளியே வந்ததும் ஓபராவின் முன்னணிப் பாடகிகளும் நடனக் கலைஞரும் அரசிக்கு மனு அனுப்பினார்கள். ஒரு கலப்பினத்தவனின் கட்டளைக்குக் கீழ்ப்படிய எங்கள் மானமும் மனசாட்சியும் இடம் தராது என்பது அதன் சாரம். சேன் ஜார்ஜுக்கு வாசிக்கத் தெரியாது என்று அந்த மனுவில் ஒரு வார்த்தை இல்லை.

மனு கொடுத்தவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். மேடையேறிய பெண்கள் என்பதாலேயே பிரெஞ்சு மேட்டுக்குடி அவர்களை ஒழுக்கத்தின் பெயரால் கீழே வைத்திருந்தது. தங்களுக்கும் கீழே ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வை அறிந்த நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, ஹைடனின் புகழ்பெற்ற ஆறு 'பாரிஸ் சிம்பொனி'கள் எழுதப்பட்டதே சேன் ஜார்ஜ் வழிநடத்திய இசைக்குழுவுக்காகத்தான். இன்று அவரைக் 'கறுப்பு மொசார்ட்' என்கிறார்கள். மொசார்ட்டைவிட அவர் பத்து வயது மூத்தவர். மொசார்ட்டை யாரும் 'வெள்ளை சேன் ஜார்ஜ்' என்று சொல்வதில்லை.

பீத்தோவனின் 'க்ராய்ட்சர் சொனாட்டா'வுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1803 மே மாதம் வியன்னாவில் அதைப் பீத்தோவனோடு சேர்ந்து முதன்முதலாக வாசித்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர், ஆப்பிரிக்க வம்சாவளி வயலின் கலைஞர். அவருக்காகவே எழுதப்பட்டது அது. பிறகு இருவருக்கும் மனத்தாங்கல். அர்ப்பணிப்பு க்ராய்ட்சருக்கு மாறியது. க்ராய்ட்சர் அதை மேடையில் வாசித்ததே இல்லை. ஆனாலும் பெயர் அவருடையது.

'அதெல்லாம் பழங்கதை' என்பார்கள். சரி, நம் காலத்துக்கே வருவோம்.

வியன்னா ஃபில்ஹார்மோனிக் 1842இல் தொடங்கியது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1997இல்தான் முடிவு செய்தது. முதலில் சேர்க்கப்பட்ட அன்னா லெல்கெஸ் அதற்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஹார்ப் வாசித்துக்கொண்டிருந்தவர். வாசிக்கலாம், உறுப்பினராக முடியாது! 1996இல் ஜெர்மன் வானொலி ஒன்றில் அக்குழுவினர் சிலர், தங்கள் ஒலியின் தனித்தன்மைக்கும் தாங்கள் வெள்ளை ஆண்களாக இருப்பதற்கும் தொடர்பு இருப்பதாகவே பேசினார்கள். கருவறைக்குள் யார் நுழைந்தால் தீட்டு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது மியூனிக் நிகழ்வைத்தான். 1980இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கில் முதன்மை டிராம்போன் இடத்துக்குத் தேர்வு. மொத்தம் 33 பேர். போட்டியாளர்களில் ஒருவர் குழுவினருக்குத் தெரிந்தவரின் மகன். பாரபட்சம் என்ற பேச்சு வரக்கூடாதென்று திரை கட்டி அதற்குப் பின்னால் வாசிக்க வைத்தார்கள். 16ஆவதாக வாசித்தவர் அபி கோனன்ட். வாசித்து முடித்ததும், இவர்தான் வேண்டும் என்று தீர்மானித்து, காத்திருந்த 17 பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழைப்புக் கடிதத்தில் 'திருவாளர்' என்று எழுதியிருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார்.

வேலை கிடைத்தது. ஆனால் நடத்துநர் செலிபிடாக்கேவுக்கு முதன்மை டிராம்போனில் ஆண்தான் வேண்டும். உடல்வலு போதாது என்று காரணம் சொல்லி அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். கோனன்ட் நீதிமன்றம் போனார். மார்பை அளந்தார்கள், நுரையீரலின் கொள்ளளவைச் சோதித்தார்கள், காதுமடலில் ரத்தம் எடுத்து ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தேறினார். இடத்தை மீட்டபின், கூட வாசித்த ஆண்களுக்கு இணையான ஊதியத்துக்காக மறுபடி வழக்கு. எல்லாம் முடிந்தபோது 1993. பதின்மூன்று ஆண்டுகள்! அதே காது, அதே டிராம்போன். திரை இருந்தபோது கேட்டது, திரை போனதும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் திரைகள் பரவலாக வந்தது 1970களில். நீதிமானாக யாரும் திடீரென்று மாறிவிடவில்லை. 1969இல் கறுப்பினக் கலைஞர்கள் இருவர் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மீது மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். தற்காலிகக் கலைஞர்களை அழைப்பதில் பாகுபாடு இருப்பதாக ஆணையம் அடுத்த ஆண்டு கண்டது. இப்படியான அழுத்தங்களின் விளைவுதான் திரை. நடந்துவரும் பெண்ணின் குதிகால் செருப்பு சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையில் கம்பளம்கூட விரித்தார்கள். நாட்டின் முதல் ஐந்து இசைக்குழுக்களில் 1970இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்கள், 1990களின் பிற்பகுதியில் 25 விழுக்காடு ஆனார்கள். முழுவதும் திரையின் சாதனை என்று சொல்ல மாட்டேன், பெண்கள் இயக்கத்துக்கும் சட்டத்துக்கும் பங்குண்டு. ஆனால் தகுதியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று சொன்ன நிறுவனங்கள், வேறெதையும் பார்த்துவிடாமலிருக்கத் தங்கள் கண்ணைத் தாங்களே மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் உண்டா?

இன்னொரு கணக்கும் உண்டு. இத்தனை ஆண்டு திரைக்குப் பிறகும், 2014இல் அமெரிக்க இசைக்குழுக்களில் கறுப்பினத்தவர் 1.8 விழுக்காடு மட்டுமே. இதைக் காட்டி, திரையையே எடுத்துவிட வேண்டும், ஆளைப் பார்த்துத்தான் பன்மைத்தன்மையைக் கொண்டுவர முடியும் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல நோக்கம்தான், எனக்கு உடன்பாடில்லை. திரையை எடுத்தவுடன் என்ன நடக்கும் என்பதற்குக் கோனன்டின் பதின்மூன்று ஆண்டுகள் சாட்சி. திரை இருக்கட்டும்.

திரைவரை வந்து சேர்வதற்கான வழிதான் இப்போது கேள்வி. இசைக்குழு வயலினிஸ்ட் ஒருவர் சிறுவயதிலேயே கருவியைக் கையில் எடுத்தவராக இருப்பார். நல்ல கருவி, தனி ஆசிரியர், பயிற்சிக்கு ஓர் அறை, தேர்வுக்கு ஊர் ஊராகப் பயணம், எல்லாம் காசு. தாத்தா காலத்திலிருந்து சொத்து சேர்க்க விடப்படாத குடும்பத்தின் பிள்ளை அந்த மேடைவரை எப்படி வரும்? ஏழு வயதில் கிடைக்காத வயலினை இருபத்தைந்து வயதில் எந்தத் திரையும் கொடுக்காது. அந்த வயலினையும் ஆசிரியரையும் பொதுப்பணத்தில் கொடுக்கச் சொன்னால், அதையும் 'சலுகை' என்றுதான் சொல்வார்கள்.