நேர்காணலில் முதல் சொல்



வேலைக்கு நேர்காணல் போகும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றி அல்ல. "சார், உள்ளே போனதும் குட் மார்னிங் சொல்லணுமா, வணக்கம் சொல்லணுமா? கை கொடுக்கணுமா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். கதவைத் திறந்ததுமே நாக்கு ஒட்டிக்கொண்டால், தெரிந்த பதிலும் வராது என்ற பயம் அவர்களுக்கு.

ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் 40 பிள்ளைகள் எழுந்து ஒரே ராகத்தில் "குட் மார்னிங் சார்" என்று இழுப்பார்கள். 12 வருடம் இப்படிக் கூட்டத்தோடு சொன்ன பிள்ளை, ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்துத் தனியாகச் சொல்லிப் பழகுவதே இல்லை. நேர்காணல் அறையில் கூடச் சேர்ந்து பாட யாரும் இருக்க மாட்டார்கள்.

நேர்காணல் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில் சொல்லுங்கள். தமிழென்றால் "வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா" போதும். ஐ.ஏ.எஸ். பதவிக்கான 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வையே தமிழில் எதிர்கொள்ளலாம், பிறகென்ன கூச்சம்? ஆங்கிலமென்றால் பகல் 12 மணிவரை குட் மார்னிங், பிறகு குட் ஆஃப்டர்நூன், சாயங்காலம் குட் ஈவினிங். குட் நைட் விடைபெறும்போது சொல்வது. இருட்டிவிட்டதே என்று உள்ளே நுழையும்போது சொல்லிவிடாதீர்கள்.

நான்கைந்து பேர் இருந்தால், நடுவில் இருக்கும் தலைவருக்கு முதலில் சொல்லி, மற்றவர்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கையை நீட்ட வேண்டாம். அவர்கள் நீட்டினால் தயங்காமல் கொடுங்கள். அதற்காகவே ஃபைல் இடது கையில் இருக்கட்டும். உட்காரச் சொன்ன பிறகு நன்றி சொல்லி உட்காருங்கள். காலில் விழுந்து ஆசி வாங்குவதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விருந்தினர் வரும்போது பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பாதீர்கள். முன்னால் வந்து "வாங்க மாமா" என்று சொல்லட்டும். வங்கியிலும் தபால் நிலையத்திலும் அவர்களே பேசட்டும். இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, வாரத்தில் ஒரு நாளாவது கோரஸை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாசலில் உங்கள் முகம் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும். இதற்காக எந்தப் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

நாளை நேர்காணலுக்குப் போகிறவர்கள், அந்தக் கட்டடத்தின் வாசலில் நிற்கும் காவலாளிக்கு முதல் வணக்கத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவருக்கும் சந்தோஷம். உங்கள் குரலும் அங்கேயே திறந்துவிடும்.

வேலை கிடைக்க வாழ்த்துகள்.