காரணம் இல்லாத ஒரு பயணம்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் காணி உறுதி, நுண்கடன், ஜீவனாம்ச வழக்கு, காணாமற்போனோர் பதிவு என்றுதான் எழுதிவருகிறேன். இம்மாதம் கல்லேறப் போன கதையை எழுதுகிறேன். "சோத்துக்கே கஷ்டப்படுற நேரத்துல கல்லேறுற கதையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். இதுவும் எமது உரிமை பற்றிய விடயம்தான் என்பது என் எண்ணம். வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

யுத்த காலத்தில் நம்மைப் போலப் பயணம் செய்தவர்கள் யார்? பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் ஓடினோம். அகதி முகாமுக்குப் போனோம். பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடி இராணுவ முகாம் வாசல்களில் நின்றோம். களுத்துறைச் சிறை, பூசா முகாம் என்று பாஷை தெரியாத ஊர்களுக்கெல்லாம் பஸ் மாறி மாறிப் போனோம். கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆணைக்குழுக்களுக்கும் நடந்த நடைக்குக் கணக்கில்லை. இத்தனை பயணத்துக்கும் காரணம் இருந்தது. அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. ஆனால் ஒரு பெண் வாசற்படி தாண்டினால் "எங்க போறாய், எதுக்குப் போறாய்?" என்ற கேள்வி முடியவில்லை. கணவனை இழந்தவள் என்றால் கேள்வி இரண்டு மடங்கு. மலையேறுவதும் எங்களுக்குப் புதிய விடயமல்ல. சிவனொளிபாத மலைக்கு எல்லா மதத்துப் பெண்களும் ஏறியிருக்கிறார்கள். பலாங்கொடைப் பக்கத்து ஜெய்லானிக்கு எங்கள் உம்மம்மாமார் போயிருக்கிறார்கள். உகந்தை வள்ளியம்மன் மலைக்குத் தமிழ்ப் பெண்கள் இன்றும் ஏறுகிறார்கள். நேர்த்தி இருந்தால் போகலாம். நேர்த்தி இல்லாமல், வெறுமனே ஆசைக்குப் போகிறேன் என்றால்தான் வீட்டிலும் ஊரிலும் முகம் மாறுகிறது.

அந்த ஆசைக்குத்தான் நாங்கள் போனோம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு, திருக்கோவில் ஆகிய ஊர்களைச் சேர்ந்த எட்டுப் பேர் கொண்ட கூட்டம் எங்களுடையது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு ஒரு பயிற்சிப் பட்டறையில் சந்தித்து அன்று முதல் விட்டுப்போகாத சிநேகிதம். மாதம் 500 ரூபாய் வீதம் பத்து மாதம் சீட்டுப் போல் சேர்த்தோம். 40,000 ரூபாய் சேர்ந்தது. வேன், டீசல், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒருவரிடமும் கடன்படவில்லை, ஒரு நிறுவனத்திடமும் கேட்கவில்லை.

காசு சேர்ப்பது சுலபமாக இருந்தது. வீட்டுக்குச் சொல்வதுதான் பாடுபட்டது. ஒருத்தியின் கணவர் கட்டாரிலிருந்து தொலைபேசியில், "கல்லுல என்ன இரிக்கி?" என்று கேட்டாராம். "ஒண்டும் இல்ல, அதுதான் போறம்" என்றாளாம் இவள். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். இன்னொருத்தியின் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தேங்காய் ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தார். எட்டாவது தோழிக்கு மட்டும் சரிவரவில்லை. முப்பத்தைந்து வயது, கணவர் இல்லை, தம்பியின் வீட்டில் இருக்கிறாள். "ஆம்புளத் துண இல்லாத பொம்புள கடற்கரையில சுத்தினா ஊர் என்ன சொல்லும்?" என்று தம்பி மறித்துவிட்டார். அவள் சண்டை பிடிக்கவில்லை. குடியிருக்கும் வீடு தம்பியுடையது, பிடிக்கவும் முடியாது. ஏழு பேர் வெளிக்கிட்டோம்.

கச்சான் காற்று வீசும் காலம் இதற்கு ஏற்றது. மழை இல்லை, கல் காய்ந்திருக்கும். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில், அறுகம்பே, பாணமை வழியாக உகந்தை மட்டும் போனால் சுமார் 100 கிலோமீற்றர். கோமாரி தாண்டும்போது திருக்கோவில் அக்கா யன்னலோரம் இருந்து சொன்னார்: "இந்த ரோட்டால எத்தின தரம் பூசாவுக்குப் போய் வந்திருப்பன். ஒரு நாளும் வெளியால பார்க்கல்ல. இந்தக் களப்பில இவ்வளவு கொக்கு நிக்கும் எண்டு இண்டைக்குத்தான் காணுறன்." 1990ஆம் ஆண்டு அவருடைய கணவரைக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு வேனில் கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை. பிறகு அவரே பாட்டைக் கூட்டிப் போடச் சொன்னார்.

பாணமையைத் தாண்டும்போது அந்த ஊர்ப் பெண்களை நினைத்துக்கொண்டோம். 2010 ஜூலையில் பாணமைக் குடும்பங்கள் தங்கள் காணிகளிலிருந்து விரட்டப்பட்டன. அந்தக் காணிகளைத் திரும்பப் பெறும் போராட்டத்தில் பெண்கள் முன்னால் நின்றார்கள். 2016இல் சிலர் தாமாகவே திரும்பப் போய்க் கொட்டில் போட்டார்கள். நாம் அழகு பார்க்கப் போகும் கரையில் மற்றவர்களின் வாழ்வும் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

பாணமைக்கு அப்பால் காட்டுப்பாதை. அங்கேதான் குடும்பிகல இருக்கிறது. பௌத்தத் துறவிகளின் காட்டு மடம் அது. இருநூறுக்கும் மேற்பட்ட கற்குகைகள் உண்டு, கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துப் பிராமி எழுத்துகள் உண்டு. தியானம் செய்பவர்கள் இருக்கும் இடமாதலால் கை, கால் மூடிய உடுப்புடன், சத்தமில்லாமல் போகவேண்டும். எங்களுக்கு அது கஷ்டமாக இல்லை, எங்கள் வழக்கமான உடுப்பே அதுதான்.

பாறையைக் கீழிருந்து பார்த்தபோது திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மொட்டைத் தலை போல உருண்டு நிற்கிறது. பாண்டிருப்புத் தங்கச்சி உடற்கல்வி ஆசிரியை, அவள்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். அவள் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். பயத்தில் உடம்பைக் கல்லோடு சாய்க்கக்கூடாது. சாய்ந்தால் பாதம் வழுக்கும். நிமிர்ந்து நின்று, பாரத்தைப் பாதத்தில் வைத்தால் கல் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். அடி சின்னதாக இருக்கவேண்டும். செங்குத்தான இடத்தில் இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் கல்லில் இருக்கவேண்டும், ஒன்றை மட்டுமே நகர்த்தவேண்டும். வெயிலிலும் மழையிலும் அடிபட்டு இந்தப் பாறைகள் வெங்காயத் தோல் போல மேலால் உரியும். தட்டினால் வெறுஞ்சத்தம் வரும் பொருக்கில் காலை வைக்கக்கூடாது. பாசி பிடித்த கறுப்புத் தடமும் ஆகாது. இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், ஆகவே களைக்குமுன் இறங்கத் தொடங்கவேண்டும்.

மருதமுனை ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். "நான் கீழ இருந்து செருப்பையும் சாப்பாட்டையும் பாத்துக்கிறன், நீங்க போங்க புள்ளயள்" என்றார். குரங்குகளிடமிருந்து ரொட்டியைக் காப்பாற்றியது அவர்தான். நாங்கள் ஆறு பேர் ஏறினோம். உச்சியில் செங்கல் தூபி. ஒரு பக்கம் காடு, காடு, காடு. மறு பக்கம் கடல். அந்தத் தெற்குக் காட்டுச் சரணாலயத்தை 1985இல் மூடி 2003இல்தான் திறந்தார்கள். 2006இல் குமண தேசிய பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் இளமைக் காலம் முழுக்க அந்தக் காடு எங்களுக்குச் சத்தமும் செய்தியும் மட்டும்தான். மேலே நின்று பார்த்தபோது அது மரங்களாகத் தெரிந்தது. பத்து மணிக்கு முன் இறங்கிவிட்டோம். அதற்குப் பிறகு கல் சூடேறிவிடும்.

உகந்தையில் தமிழ்த் தோழிகள் முருகனைக் கும்பிட்டு, சுனைகளைப் பார்த்து, வள்ளியம்மன் மலைக்கும் ஏறி வந்தார்கள். நாங்கள் மர நிழலில் பாய் விரித்து ளுஹர் தொழுதோம். கோயிலுக்குப் போகிறவர்கள் மச்சம் சாப்பிடுவதில்லை என்பதால் அன்று எல்லோருக்கும் மரக்கறிதான் என்று ராத்தா முதலே சொல்லிவைத்திருந்தார். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை உகந்தை வழியாகத்தான் போகிறது. எழுபது வயதுப் பெண்களும் அதில் வாரக்கணக்காக நடக்கிறார்கள். பெண்ணுக்கு உடம்பு தாங்காது என்று சொல்பவர்கள் அவர்களை ஒருதரம் பார்க்கவேண்டும்.

பின்னேரம் அறுகம்பேக்குத் திரும்பும் வழியில் யானைப் பாறைக்குப் போனோம். பாணமை வீதியிலிருந்து இறங்கி மணலில் நடக்கவேண்டும். படுத்திருக்கும் யானையைப் போல் இருப்பதால் அந்தப் பெயர். பக்கத்துக் களப்பில் முதலை உண்டு, காலை நனைக்கவேண்டாம். பாறை சிறியது, பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம்.

சாய்ந்தமருதுத் தோழி மணலில் நின்றுவிட்டாள். 2004 டிசம்பர் 26 அன்று அவள் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கடற்கரைக்குப் போனதேயில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை. திருக்கோவில் அக்கா மட்டும் அவளோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவளே, "கல்லுக்கு மேல கடல் வராதுதானே?" என்று கேட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினாள். உச்சியில் இருந்துதான் திரும்பினாள். கீழே நின்றால் கடல் நமக்கு மேலே எழும்பி நிற்பது போல் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் அது தட்டையாக விரிந்து கிடக்கும். அவள் நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை. "இவ்வளவுதானா" என்றாள். பயம் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன், அன்றிரவு அவள் தூங்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஆனாலும் அடுத்த முறைக்கு முதல் 500 ரூபாயைத் தந்தவள் அவள்தான்.

தோழியரே, உலகத்திலும் இப்படித்தான். எவரெஸ்ட் சிகரத்தை 1975 மே 16 அன்று முதன்முதல் தொட்ட பெண் ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபெய். 1969இல் பெண்களுக்கென்று மலையேறும் கழகம் தொடங்கியவர், சிறு குழந்தையின் தாய். பண உதவி கேட்டுப் போன இடங்களில் பிள்ளையை வளர்க்கும் வேலையைப் பார்க்கச் சொன்னார்களாம். பியானோ கற்பித்துக் காசு சேர்த்தார், பழைய கார் ஆசனத் துணியில் பை தைத்தார். எங்கள் நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியை முதன்முதல் அடைந்தவரும் ஒரு பெண்தான். ஜயந்தி குரு உதும்பால என்ற பெண்கள் உரிமைச் செயற்பாட்டாளர் 2016 மே 21 அன்று அங்கே நின்றார். நாட்டின் ஆண்கள் எவரும் அதற்கு முன் அங்கு போயிருக்கவில்லை. அறுகம்பேயிலேயே 2018இல் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து அலைச்சறுக்குக் கழகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அவர்களும் ஊரின் வாயைக் கடந்துதான் கடலில் இறங்கினார்கள். தூரத்து நாட்டுப் பெண்பிள்ளைகள் வந்து ஆடிப்பாடும் கரைக்கு, வேனில் இரண்டு மணித்தியால தூரத்தில் இருக்கும் நாங்கள் போய்ப் பார்க்காமல் இருப்பது நியாயமா?

உங்கள் குழுவும் போக விரும்பினால் சில விடயங்கள். நாட்கூலி கெடாத நாளாகப் பாருங்கள். தெரிந்த சாரதியைப் பிடியுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ரப்பர் அடி உள்ள சப்பாத்து, கிழிந்த சேலைத்துண்டு, கொஞ்சம் மருந்து கொண்டுபோங்கள். உடுப்பின் விளிம்பை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினால் தடக்காது. தனியே ஏறவேண்டாம். மழை பெய்த கல்லில் ஏறவே வேண்டாம். பாணமை - உகந்தை வீதியில் பொழுதுபட்டால் யானை வரும், வெளிச்சத்தில் திரும்பிவிடுங்கள். ஏற முடியாதவரையும் கூட்டிப்போங்கள், கீழே இருப்பவருக்கும் அது பயணம்தான். பொலித்தீன் பைகளைக் காட்டில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எட்டாவது தோழியின் 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவள் வாங்கவில்லை, "வெச்சிரிங்க, வாற வருசம் தேவப்படும்" என்றாள். தம்பியின் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன கிழமை அந்தத் தம்பி மனைவியும் முதல் மாதக் காசைக் கொண்டுவந்து தந்தாள். இனி அந்த வீட்டில் கேட்கப்போவது ஒருத்தியல்ல, இரண்டு பேர்.

உங்கள் ஊரில் நீங்கள் ஏறிப் பார்க்க ஆசைப்படும் கல் எது என்று எழுதுங்கள். வரும் கடிதங்களை இதே பக்கத்தில் போடுவோம். அடுத்த இதழில் நுண்கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கவனிக்கவேண்டியவை பற்றிப் பார்ப்போம்.