அடிக்குறிப்பு போதாது

பங்கு வாக்குகளால் அல்லாமல் ஒப்பந்தம், கடன் போன்ற வழிகளில் கட்டுப்படுத்தப்படும் தனி அமைப்புகளான வி.ஐ.இ.-களை (variable interest entities) அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் தம் கணக்கில் சேர்ப்பதால் அந்நியர் சொத்தெல்லாம் ஏறி இருப்புநிலைக் குறிப்பு வீங்குகிறது, அடிக்குறிப்பே போதும் என்று விமர்சகர்கள் வாதிடுகிறார்கள். வீங்குவது உண்மை. மற்றது தவறு.

வெளியார் 3 சதவீதம் முதலீடு செய்தாலே ஓர் அமைப்பைக் கணக்குக்கு வெளியே நிறுத்தலாம் என்ற பழைய வழக்கம், கடனை மறைத்து வீழ்ந்த என்ரான் நிறுவனத்துக்கு எப்படி உதவியது என்பதை மறக்கலாமா? அந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான் 2003-ல் இவற்றைச் சேர்க்கச் சொல்லும் விதி வந்தது. 2009-ல் அது மேலும் இறுகியது: அமைப்பின் வருவாயைத் தீர்மானிக்கும் முடிவுகளை எடுப்பவர் யார்? கணிசமான நட்டத்தையோ லாபத்தையோ ஏற்கக்கூடியவர் யார்? இரண்டுக்கும் விடை ஒருவரே என்றால் அவர் சேர்த்தாக வேண்டும்.

பணம் போட்டாலே சேர்க்கச் சொல்லும் குருட்டு விதியல்ல இது. ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தின் மீட்புக்காக 2008-ல் உருவான மெய்டன் லேன் 3 என்ற அமைப்பில் ஏ.ஐ.ஜி. 500 கோடி டாலர் போட்டது. முதல் நட்டமும் அதற்கே. ஆனாலும் அதைத் தன் கணக்கில் சேர்த்தது பெருங்கடன் கொடுத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் வைத்திருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிதான்.

அந்நியர் சொத்து என்ற கவலைக்கும் விதியிலேயே பதில் உண்டு. அந்த அமைப்பின் கடனை அடைக்க மட்டுமே பயன்படும் சொத்துகளையும், காப்பீட்டு நிறுவனத்திடம் வசூலிக்க முடியாத கடன்களையும் இருப்புநிலைக் குறிப்பின் முகப்பிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். படிப்பவர் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வெளியே விடப்பட்டதை அவர் எங்கிருந்து கூட்டுவார்?

உண்மையான ஓட்டை, "முடிவெடுக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை" என்று நிர்வாகமே செய்துகொள்ளும் மதிப்பீட்டில் இருக்கிறது. விமர்சகர்கள் அதைக் கேள்வி கேட்கட்டும்.