போர்வீரர் மண்டபமும் பொழுதுபோக்கும்

இறந்தோர்க்கென எடுத்த மண்டபத்தில் இசையும் கூத்தும் நிகழ்தல் தகுமோ என்று வினவுவார் பலர். தகும் என்பதே என் துணிபு. அதற்குச் சான்றாக அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துள்ள போர்வீரர் ஞாபகார்த்த மண்டபத்தின் வரலாற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதல் உலகப் போரில் உயிர்நீத்த வீரர்க்கு நினைவுச்சின்னம் வேண்டுமென்றனர் சிலர். இசையன்பர்க்கோ நெடுநாளாக ஓர் அரங்கம் வேண்டியிருந்தது. இரு திறத்தாரும் ஒன்றுகூடினர். 1927-ஆம் ஆண்டில் 40 லட்சம் டாலர் கடன்பத்திரங்களுக்கு நகர மக்கள் வாக்களித்தனர். ஆர்தர் பிரௌன் என்னும் கட்டிடச் சிற்பி இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரு மாளிகைகளை வகுத்தார். 1932-இல் அவை திறக்கப்பெற்றன. ஒன்று இசைநாடக அரங்கு. மற்றொன்று போர்வீரர்க்கு உரியது. இடையேயுள்ள முற்றத்தில் போர்க்களங்களினின்று கொணர்ந்த மண் இடப்பட்டுள்ளது.

வீரர் மண்டபம் வீரர்க்கு மட்டுமே உரியதாய் நெடுநாள் நிற்கவில்லை. 1935-இல் நான்காம் மாடியில் நவீன ஓவியக் காட்சிசாலை குடிபுகுந்து, ஏறக்குறைய 60 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. கீழுள்ள அவையில் இசையும் சொற்பொழிவும் நிகழலாயின. அதன் சுவர்களை அணிசெய்யும் பிராங்குவின் என்பாரின் ஓவியங்களும், 1915-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கெனத் தீட்டப்பட்டவையே.

அவ்வவையில்தான் 1945-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் 50 நாட்டுத் தூதுவர் ஐக்கிய நாடுகளின் சாசனத்தில் கையெழுத்திட்டனர். இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டோருள் ஒருவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற ஸர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். (இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்த அவர் இரட்டை மாளிகையுள் ஒன்றிற் புகுந்தது தற்செயலே!) எவரும் புகாத கல்லறையாக அம்மண்டபத்தைப் பூட்டி வைத்திருப்பின் இந்நிகழ்ச்சிக்கு அங்கே இடமேது? மேடையும் இருக்கைகளும் இருந்தமையாலன்றோ உலகம் அங்கே கூடிற்று? போரில் மடிந்தார்க்கு அதனினும் பொருந்திய அஞ்சலியை நான் அறியேன்.

ஆயினும் ஒன்று என் மனத்தை உறுத்துகின்றது. அவ்வவை இன்று நன்கொடையாளர் பெயரால் ஹெர்ப்ஸ்ட் அரங்கு எனப்படுகிறது. கட்டிடம் பழம்பெயரோடுதான் நிற்கின்றது. வீரர் சங்கத்தார்க்கும் அங்கே இடமுண்டு. எனினும் இசை கேட்க வருவோர் நாவில் வழங்குவது புரவலர் பெயரே. வீரரை அவ்வவையினின்று வெளியேற்றியது பாட்டன்று, பெயர்ப்பலகையே. புரவலர் பெயரை வாயிலில் ஒரு கல்லிற் பொறித்துவிட்டு, அவையை வீரர் பெயரிலேயே விட்டிருக்கலாம்.