கிறீஸ் கழன்ற பின்னர்

புளியந்தீவில் வாழ்வோருக்குத் துருவைப்பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாவி சூழ்ந்த இவ்வூரிலே கவனியாது விட்ட கத்தரிக்கோல் ஒரு மாரி கழிவதற்குள் செந்நிறம் பூத்துவிடும். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய நமது கோட்டையிலுள்ள பீரங்கிகளைப் பார்க்கும் மாணவருக்கு, இந்த உப்புக்காற்றில் இரும்புப் படைக்கலங்களை எவ்வாறு பேணுவது என்னும் வினா எழுதல் இயல்பே.

இரண்டாம் உலகப் போரின்போது துவக்குகளையும் அவற்றின் உறுப்புகளையும் கப்பலேற்றி அனுப்பியோர் இதற்கு ஒரு விடை கண்டனர். கொஸ்மோலீன் என்னும் கனத்த கிறீசை அவற்றின்மீது பூசிப் பெட்டிகளில் அடைத்தனர். பெற்றோலியத்திலிருந்து கிடைக்கும் அது, காற்றும் ஈரமும் இரும்பைத் தீண்டாதவாறு மூடிக்கொள்ளும். ஆனால், காலஞ் செல்ல அதன் இலேசான கூறுகள் ஆவியாகிவிட, எஞ்சியது மெழுகுபோல் இறுகிப் பழுப்பு நிறமடையும்.

அதனை அகற்ற அரத்தாளையும் கத்தியையும் நாடுவோர் உண்டு. கிறீசோடு, இரும்பின் மேற்பூச்சும் அதிற் பொறித்த எண்களும் தேய்ந்துபோகும். பழம்பொருளின் வரலாறே அந்த எண்களில் அன்றோ இருக்கின்றது!

தக்க வழி வெப்பமே. ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் இந்தக் கிறீஸ் இளகத் தொடங்கும். கறுப்புப் பூசிய தகரப் பெட்டியில் வைத்தால் நமது உச்சி வெயிலே அவ்வேலையைச் செய்துவிடும். வழிவதைப் பழந்துணியால் ஒற்றி, இடுக்குகளை மூங்கிற் குச்சியால் வழித்து, மீதியை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். இதனைத் தீயில்லாத, காற்றோட்டமான இடத்திற் செய்க. பெற்றோலைத் தொடவே வேண்டாம். மரப்பிடியை மண்ணெண்ணெயில் ஊறவிடாது, வெயிலில் வைத்து ஒற்றி எடுத்தலே நன்று. வழித்த கிறீசை வாவியிற் கொட்டுதல் ஆகாது. துவக்கின் உறுப்புகளைக் கையாளுதல் அரும்பொருளகத்தாருக்கும் சட்டப்படி உரிமை பெற்றோருக்கும் உரிய பணி என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

பெரும்பிழை இதன் பின்னரே நிகழ்கின்றது. பளபளக்கும் இரும்பைக் கண்டு மகிழ்ந்து, அதை அப்படியே வைத்துவிடுகின்றோம். பல்லாண்டு காத்த கவசத்தை இழந்து நிற்கும் இரும்பில், வியர்வைக் கை பட்ட சுவடுகூடச் சில நாட்களில் துருவாகப் படியும். ஆகவே, துடைத்து உலர்ந்த உடனேயே மெல்லிய எண்ணெய் பூசிவிட வேண்டும்.

நம் வீட்டுத் தையல் இயந்திரத்துக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் இவ்விதி பொருந்தும். இறுகிய பழைய எண்ணெயைத் துடைக்கத் தொடங்குமுன், புதிய எண்ணெய்ப் புட்டியை அருகில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.