விலைப்பட்டியலில் விடுபட்ட தமிழ்

கோவையில் 'ஆர்.எஸ்.புரம்' என்று பலகைகள் கூவும் பகுதிக்கு உண்மைப் பெயர் இரத்தினசபாபதிபுரம். கோவை நகராட்சித் தலைவராய் இருந்து, சிறுவாணி நீரை இந்நகர்க்குக் கொணரும் முயற்சியில் முன்னின்ற இரத்தினசபாபதியாரின் பெயரை இரண்டு ஆங்கில எழுத்துகள் விழுங்கிவிட்டன. வெள்ளையன் அவர்க்களித்த திவான் பகதூர்ப் பட்டத்தால் பெயர்பெற்ற சாலையும் 'டி.பி. சாலை'யாய்த் தேய்ந்தது. (அப் பட்டம் தேய்ந்தது பற்றித் தமிழர் கண்ணீர் விட வேண்டுவதில்லை, பெயர் தேய்ந்ததே வருத்தம்.) இவ்வாறு எழுதுக என்று எவரும் ஆணையிடவில்லை. ஒருவர் எளிது கருதிச் சுருக்கினார், அடுத்தவர் பார்த்தெழுதினார், பலகை நிலைத்துவிட்டது. அரசு அலுவலகக் கணினிகளில் தமிழ் விடுபட்டுப் போவதும் ஏறத்தாழ இவ்வகையினதே.

அரசு கணினிப் பணிகளை எங்ஙனம் வாங்குகின்றது என்பதைத் தமிழ்மக்களுள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. திங்கள் தோறும் ஒவ்வொரு பொருட்கும் விலை பேச நேரமில்லாத குடும்பம், மளிகைக் கடைக்காரரிடம் ஒருமுறை விலை பேசி முடித்துப் பற்றேட்டைத் தொடங்கிவிடும். பின்னர் வேண்டும்போது சிறுவன் கையிற் சீட்டுக் கொடுத்தனுப்பினாற் போதும். அரசும் அதனையே செய்கின்றது. ஒரு நடுவண் அமைப்பு ஒப்பந்தப்புள்ளி கோரி, நிறுவனங்களை ஆய்ந்து, ஒரு மென்பொருளாளர் ஒரு திங்கள் உழைத்தால் இத்துணை உருபா என்பதுவரை விலை வரையறுத்து, தேர்ந்த நிறுவனங்களைப் பட்டியலிட்டு வைக்கும். அப் பட்டியல் உயிரோடிருக்கும் ஆண்டுகளில், எத் துறையும் புதிதாய் ஒப்பந்தப்புள்ளி கோராமல், ஒரு பணியாணை எழுதி ஆளையோ பொருளையோ பெற்றுக்கொள்ளலாம்.

இம் முறை புதியதன்று. இந்திய அரசுக்கு நெடுங்காலம் விலை உடன்படிக்கைகள் செய்துவந்த வழங்கல், அகற்றல் தலைமை இயக்ககம் 2017 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. அவ்விடத்தை 2016-இல் தொடங்கிய அரசு மின்னணுச் சந்தை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் நடுவண் அமைச்சகங்கள் அங்கே வாங்குவதைக் கட்டாயமாக்கின. கணினிப் பணிகளுக்கென்றே 1995-இல் அமைந்தது 'நிக்சி' நிறுவனம். தமிழ்நாட்டில் 1977-இல் தோன்றிய 'எல்காட்' என்னும் மின்னணு நிறுவனம் துறைகட்காக வாங்கும் பணியைச் செய்கின்றது. இவற்றிற்கெல்லாம் மேலே 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் நிற்கின்றன.

இம் முறையில் நன்மை இல்லை என்பார் உண்மையறியாதார். வட்ட அலுவலகம் ஒவ்வொன்றும் தானே விலை பேசின், காலமும் வீணாகும், இடைத்தரகரும் கொழுப்பர். கணினி அறியாத அலுவலரை ஏமாற்றுவதும் எளிதாகும். ஒருமுறை நன்கு ஆய்ந்து எழுதிய உடன்படிக்கை ஓராயிரம் சிறு பிழைகளைத் தடுக்கும். ஆனால் ஒருமுறை விட்ட குறை ஓராயிரம் பணியாணைகளிலும் அப்படியே பெயர்த்தெழுதப்படும். இங்கேதான் தமிழ் அகப்பட்டுக்கொள்கின்றது.

1956-இல் தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தது. 1999-இல் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. 2010 சூன் திங்களில், இதே கோவையில் செம்மொழி மாநாடு கூடியபோது, ஒருங்குறியைத் தமிழுக்குரிய குறியீட்டுத் தரமாக அரசு அறிவித்தது. ஆணைகளுக்குக் குறைவில்லை. ஆயின் மென்பொருள் செய்வோன் ஆணையைப் படிப்பதில்லை, உடன்படிக்கையைப் படிக்கின்றான். அதில் எழுதியிருப்பதற்கே அவனுக்குப் பணம். எழுதாததைச் செய்தால் அவனுக்கு இழப்பு. 'தமிழ் வேண்டும்' என்னும் ஒரு சொல் இருந்தாலும் பயனில்லை. திரையின் மேலே ஒரு பொத்தானை வைத்து, தலைப்புகள் நான்கைத் தமிழில் மாற்றிக் காட்டி, 'தமிழ் உண்டு' என்று கையொப்பம் பெற்றுச் செல்வர். அவர்களைக் குறைகூறல் எங்ஙனம்? கேட்டதைத்தானே தந்தனர்!

எவ்வளவு நுணுக்கமாய்க் கேட்கவேண்டும் என்பதற்கு ஒரு சான்று காண்க. கபிலன், கயல்விழி, கனியமுதன் என்று மூவர் பெயர்கள். தமிழ் நெடுங்கணக்கின்படி இதுவே வரிசை. ப, ய முன்னும் ன இறுதியிலும் வரும். ஒருங்குறி அட்டவணையிலோ, வடமொழி எழுத்துமுறையைத் தழுவிய பழைய குறியீட்டின் வழிவந்தமையால், ன-வை ந-வின் அருகிலும், ற-வை ர-வின் அருகிலும் கொண்டு அமர்த்தியுள்ளனர். குறியெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் மென்பொருள் கனியமுதனை முதலில் நிறுத்திவிடும். தமிழ் வரிசைப்படி அடுக்குவதற்கு வழி உண்டு. அரிய கலையும் அன்று. ஆனால் 'தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்கவேண்டும்' என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருக்கவேண்டும். அவ் வரி இல்லையேல், தமிழ்நாட்டு அரசின் பட்டியலிலேயே தமிழ் அகரவரிசை பிறழும்.

பெயர்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கண்ணம்மாள் என்னும் பாட்டியின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, பொறியைக் கொண்டு மீண்டும் தமிழாக்கினால் அவள் 'கன்னம்மால்' ஆவாள். ஆங்கில எழுத்திற்கு ண, ன, ந வேறுபாடும் இல்லை. ல, ள வேறுபாடும் இல்லை. குடும்ப அட்டையில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்று மூன்று பெண்டிராய்ப் பிரிந்து நிற்கும் அவ் வேளாண்குடி மூதாட்டி, தான் ஒருத்தியே என்று மெய்ப்பிக்கப் பேருந்தேறி அலையவேண்டும். அவளது உதவித்தொகை நிற்பது மென்பொருள் செய்த நிறுவனத்தின் எக் கணக்கிலும் இழப்பாகப் பதிவாகாது.

இயலாது என்பார்க்கு விடை அரசின் கையிலேயே உள்ளது. நிலப்பதிவுகட்கான 'தமிழ்நிலம்' மென்பொருளை தேசியத் தகவலியல் மையத்தின் பொறியாளர்கள் தமிழ்ப் பதிவுகளைத் தமிழிலேயே கையாளுமாறு அமைத்தனர். ஊர்க்கணக்கு தமிழில் இருந்தமையால் மென்பொருளும் தமிழில் அமையவேண்டியதாயிற்று. அதுபோன்றே 2007-ஆம் ஆண்டளவில் எல்காட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளின்பால் திரும்பியபோது, வாங்குவோன் உறுதியாய்க் கேட்டால் விற்போனும் திரும்புவான் என்பது தெளிவாயிற்று.

வாங்குவோன் கேட்க அறியாதவனாயின் என்னாகும் என்பதற்குக் கனடா நாடு அண்மைச் சான்று. கொள்ளைநோய்க் காலத்தில் எல்லை கடப்போர்க்கென அந் நாட்டரசு ஒரு செயலி செய்வித்தது. அதன் செலவு ஏறத்தாழ 5 கோடியே 95 இலக்கம் கனடா வெள்ளி எனவும், ஆவணங்கள் சரிவரப் பேணப்படாமையால் துல்லியமாய்க் கணக்கிட இயலவில்லை எனவும் அந் நாட்டுத் தலைமைத் தணிக்கையர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். இருவர் மட்டுமே நடத்திய ஒரு நிறுவனம் அப் பணியில் பெரியதொரு பங்கைப் பெற்று, வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தது. பின்னொரு ஒப்பந்தப்புள்ளிக்கான தேவைகளை வகுப்பதிலேயே அந் நிறுவனம் கைவைத்திருந்தது என்பதும் வெளிவந்தது. வளம்மிக்க நாட்டிலேயே இஃது எனின், வட்ட அலுவலக எழுத்தர் என் செய்வார்?

கொங்குநாட்டிற்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. மின்னோடியும் நீரேற்றும் பொறியும் செய்து உலகிற்கு விற்கும் இவ்வூர், சிறு பட்டறைகளாலேயே வளர்ந்தது. இன்று மாடியறைகளில் ஐந்தாறு இளைஞர் கூடி மென்பொருள் செய்கின்றனர். ஆனால் பட்டியலில் நுழைய 'இத்துணைக் கோடி உருபா ஆண்டு விற்றுமுதல்' என்று ஒரு தாழ் போடப்பட்டிருந்தால், அவர்கள் வாயிலிலேயே நிற்கவேண்டியதுதான். பட்டியல் காலம் முடியும்வரை கதவும் திறவாது. சிறு தொழில்களிடம் 20 விழுக்காடு வாங்குக என்று நடுவணரசு 2012-இல் ஆணையிட்டது. 2018-இல் அது 25 ஆயிற்று. விழுக்காடு நன்றே. ஆயினும் கண்ணம்மாளின் ண-வையும் ள-வையும் பிழையாமல் எழுதத் தெரிந்தவன் அவ் விழுக்காட்டுள் வருகின்றானா என்பதே கேள்வி.

எனவே, துறைதோறும் வேண்டுகோள் விடுத்துக் கொண்டிருத்தல் வீண். முதலில் எழுதப்படும் உடன்படிக்கையிலேயே வரையறைகள் ஏறவேண்டும்: தமிழ்99 உள்ளீடு, நெடுங்கணக்கு வரிசை, பெயரைத் தமிழிலேயே முதலாகப் பதிதல், பயன்படுத்துவோர்க்குத் தமிழில் கையேடு, பணி முடிந்ததும் மூலநிரலை அரசிடம் ஒப்படைத்தல். இவற்றை ஆய்ந்து ஒப்புக்கொள்ளும் வரை கடைசித் தவணையை நிறுத்தி வைத்தலும் அதில் இருக்கவேண்டும். ஆய்பவர் சென்னையின் குளிரறை அலுவலராய் இராமல், தொண்டாமுத்தூரிலோ அன்னூரிலோ நாள்தோறும் சான்றிதழ் தட்டும் பணியாளராய் இருத்தல் நன்று.

பட்டியல்கட்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுக்கப்பெறும். அவ்வேளை வெளியாகும் அறிவிப்பு, மாநில ஒப்பந்தப்புள்ளி இதழில் எவர்க்கும் தெரியவே அச்சாகின்றது. புள்ளி கொடுக்குமுன் நிறுவனங்களை அழைத்து நடத்தும் கூட்டத்தில் எழுத்தால் கேட்கும் வினாக்கட்கு எழுத்தாலேயே விடை தருவது வழக்கம். இரத்தினசபாபதிபுரத்து மாடியறை இளைஞர்கள் அடுத்த கூட்டத்திற்கு ஒரு வினாவையேனும் அனுப்பட்டும்: இப் பட்டியலில் கனியமுதன் எத்தனையாவதாய் நிற்பார்?